ஒற்றைக் காலால் உந்திப் போகும் பலகை

இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம், முனை மட்டும் மேலே வளைந்த ஒரு மரப்பலகை. எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது, சக்கரமும் கிடையாது. தென்கொரியாவின் போசோங் வட்டாரத்துப் பெண்கள் இதை வைத்துக்கொண்டுதான், நடந்தால் இடுப்பு வரை இழுத்துவிடும் சேற்றில் வெகுதூரம் போய், சிப்பி அள்ளிக்கொண்டு, கடல் திரும்பி ஏறுவதற்குள் கரைக்கு வந்து சேர்கிறார்கள். ப்பொல்பே என்று பெயர். கொஞ்ச நாளாக எனக்கு இந்தப் பலகை நினைப்புத்தான். தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் தொளியுமாக (உழுத வயலின் சேறுதான் தொளி) வளர்ந்தவர்கள் யாரும் இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் லேசில் விட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரியாவின் மேற்குக் கடலும் தென்மேற்கு மூலையும் நம் கடல் மாதிரி இல்லை. நம் தூத்துக்குடி, மணப்பாடு, உவரிப் பக்கம் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது, கடற்கரைக்குப் போகிற நம்மில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே வடமேற்கில் இன்ச்சோன் பக்கம் அந்த வித்தியாசம் 9 மீட்டர் வரை போகும். தெற்கே வர வரக் குறைந்தாலும், கடலடி தட்டையாக இருப்பதால், தண்ணீர் இறங்கினதும் கண்ணுக்கெட்டின தூரம் வரை சாம்பல் நிறச் சேறு திறந்து கிடக்கும். ஆறுகள் கொண்டுவந்து கொட்டின நைசான வண்டல் அது. போசோங்கில் பொல்க்யோ என்கிற ஊரை ஒட்டி யொஜா என்று ஒரு விரிகுடா, அதன் சேறு மணல் கலப்பே இல்லாத மாதிரி அவ்வளவு மெத்தென்று இருப்பது. அங்கேதான் இந்தப் பலகைக்குச் சொந்த ஊர்.

பலகை எப்படி வேலை செய்கிறது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் யோசிக்க யோசிக்க அழகாக இருக்கிறது. சேற்றில் நடக்கும்போது நம் மொத்த எடையும் ஒரு பாதத்தின் மேல் இறங்குகிறது. உள்ளே போவது கூடப் பரவாயில்லை, வெளியே எடுப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் காலைத் தூக்கும்போது அடியில் காற்று புக வழியில்லாமல் சேறு கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதே ஆளைப் பலகையில் மண்டியிட வைத்தால் எடை பத்துப் பதினைந்து பாதம் அளவு இடத்துக்கு மேலேயே பரவிவிடுகிறது, பலகை அமிழ்வதே இல்லை. சேற்றின் மேல் இருக்கும் ஈரப்படலம் அதை வழுக்கிவிடுகிறது. முனை வளைந்திருப்பதால் குத்தி நிற்காமல் ஏறிப் போகிறது. உந்துகிற கால் மட்டும் சேற்றுக்குள் போய் வருகிறது, அதுவும் அதன் மேல் எடை இல்லாததால் ஆழமாகப் போவதில்லை, உதைத்ததும் சுலபமாக வந்துவிடும். எடையைத் தாங்குவது ஒரு கால், உந்துவது இன்னொரு கால், இரண்டு வேலையையும் இரண்டு காலுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் இதில் உள்ள மூளை.

பலகையின் நடுவில் ஒரு பெரிய பாத்திரம் இருக்கும், இப்போது பெரும்பாலும் ரப்பர் தொட்டி. பெண் ஒரு முட்டியைப் பலகையில் ஊன்றி, மேலுடம்பை அந்தத் தொட்டியின் மேல் சாய்த்து, விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் காலைப் பின்னால் நீட்டி நீட்டி உதைக்கிறாள். இடுப்பு வரை ரப்பர் உடை, கைக்கு உறை, தலையில் பூப்போட்ட துணி. சிப்பி இருக்கும் இடம் வந்ததும் சீப்பு மாதிரிக் கம்பிப் பற்கள் வைத்த ஒரு சட்டத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துச் சேற்றை அரித்துக்கொண்டே போகிறாள். சேறு பற்களுக்கு இடையில் வழிந்துவிடும், சிப்பி தங்கிவிடும். சின்னதாக இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு, வளர்ந்ததைத் தொட்டியில் போடுகிறாள். போகும்போது காலித் தொட்டி, வரும்போது நிறைந்த தொட்டி, அதே ஒற்றைக் கால். இது நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில். அந்தச் சேறு எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்று மார்கழி விடியலில் நாற்றங்காலில் இறங்கினவர்களுக்கு ஓரளவு தெரியும், ஆனால் கொரியாவின் ஜனவரி நம் மார்கழியோடு ஒப்பிடக் கூடியதே இல்லை.

கடல் இறங்கின பிறகு கிடைப்பது சில மணி நேரம்தான். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம் போலத் தள்ளிப்போகும், அதனால் இன்று காலை எட்டு மணிக்கு இறங்கினவர்கள் நாளைக்கு ஒன்பதுக்குக் கிட்டத்தில்தான் இறங்க முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும், நடுவில் வரும் நாட்களில் அவ்வளவாக வற்றாது. கடிகாரத்தைவிட நிலாவைக் கேட்டு நடக்கிற வேலை.

பொல்க்யோப் பெண்கள் இந்தப் பலகையில் போகிற வீடியோ ஒன்றை எங்கள் ஆச்சிக்குக் காட்டினேன். ஆச்சி கார், பிசானம் என்று வருஷத்தின் இரண்டு பூ நெல்லுக்கும் நடவுக்குப் போனவள், இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்து சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என்னட்டி, தொளிக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போறாளுவ?"

"சிப்பி எடுக்கப் போறாவ ஆச்சி. கொரியாவுல."

"எல்லாம் வயசானவளுவளாத் தெரியுதே. முட்டு என்னத்துக்கு ஆவும்?"

"துணியை மடிச்சு மெத்தை மாரி வச்சிருக்காவ."

"மெத்தை வச்சாப் போதுமா? ஒத்தக் காலுல்லா எல்லாச் சோலியும் பாக்கு. அந்தப் பக்கத்து இடுப்பு போயிரும்லா."

நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இப்படி எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. ஆச்சி பார்த்ததும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்களில் பலருக்கு அறுபது, எழுபது வயது, இன்னும் மேலேயும் உண்டு. மண்டியிட்டபடியே ஆயுசைக் கழித்தவர்கள். முட்டியும் இடுப்பும் அவர்களிடம் என்ன நிலையில் இருக்கும் என்று ஆச்சியைவிட யாருக்குத் தெரியப் போகிறது. அப்புறம் ஆச்சி இன்னொன்றும் சொன்னாள்: "இப்பிடி ஒரு பலகை கெடந்திருந்தா நாத்துமுடிய அதுல வச்சு இழுத்திருக்கலாம்லா. தலையில சொமந்து வரப்புல வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்."

இதைக் கேட்டதும்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. சேற்றிலேயே பிழைத்த நாம் ஏன் இப்படி ஒரு பலகை செய்யவில்லை? நம்மிடம் பலகையே இல்லாமல் இல்லை. தொளி உழவு முடிந்ததும் பரம்பு அடிக்கிறோம், மரமடிப்பது என்றும் சொல்வார்கள், மாடு இழுக்க ஒரு ஆள் பலகை மேல் ஏறி நின்று வயலைச் சமப்படுத்துவார். அதுவும் சேற்றின் மேல் வழுக்கும் பலகைதான். ஆனால் அந்த ஆள் பலகையை விட்டு இறங்கினாலும் அமிழ்ந்துபோக மாட்டார். வருஷக்கணக்காக உழுது மிதித்த வயலில் முழங்காலுக்குக் கீழேயே கெட்டித் தரை ஒன்று உருவாகியிருக்கும், கால் அதில் போய் நின்றுவிடும். தண்ணீர் கீழே இறங்காமல் வயலில் நிற்பதும் அதனால்தான். பொல்க்யோவின் சேற்றுக்கு அப்படி ஒரு தரை எட்டுகிற ஆழத்தில் இல்லை. அதனால்தான் நம் பலகை மண்ணைச் சமப்படுத்துவதற்கு, அவர்கள் பலகை உயிரோடு திரும்பி வருவதற்கு.

சரி, வயலை விடுங்கள், நம் கடலோரத்தில்? வண்டலுக்கு நம்மிடமும் பஞ்சமில்லை. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையைக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிட்டதே தாமிரபரணி கொண்டுவந்த மண்தான். ஆனால் கடல் ஒரு மீட்டருக்குள்ளேயே ஏறி இறங்கும் கரையில் அந்தச் சேறு தினம் இரண்டு தடவை கிலோமீட்டர் கணக்கில் திறந்து மூடாது. புன்னைக்காயல், பழையகாயல் பக்கம் அது அலையாத்திக் காடாகவும் உப்பளமாகவும் ஆனது. நம் ஆட்கள் சங்கையும் முத்துச் சிப்பியையும் தேடி மூச்சடக்கித் தண்ணீருக்குள்ளே குதித்தார்கள். சிப்பி எங்கே இருக்கிறதோ அதற்குத் தக்க வித்தை வளர்கிறது. இங்கே அது நெஞ்சில் வளர்ந்தது, அங்கே முட்டியில்.

பெரிய ஏற்றவற்றமும் ஆழமான சேறும் சேர்ந்து இருக்கிற பல இடங்களில் மனிதர்கள் இதே பலகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் அரியாகே கடலில் உண்டு. தாய்லாந்தில் சமுத் சொங்க்ராம் பக்கம் மட்டி அள்ள உண்டு. மலேசியாவில் தோங்கா என்பார்கள், அங்கே நம் தமிழர்கள் விரும்பிச் சாப்பிடும் கெராங், பொல்க்யோவில் அள்ளுகிற அதே இனச் சிப்பிதான். இங்கிலாந்தில் சாமர்செட் கடலோரத்தில் வலையில் விழுந்த இறாலை எடுத்துவர மரத்தில் ஒரு சேற்று வண்டி வைத்திருந்தார்கள். சீனாவில் 2000 வருஷத்துக்கும் முந்தைய வரலாற்றுக் குறிப்பிலேயே, வெள்ளத்தை அடக்கின யூ மன்னர் தரையில் வண்டியிலும் தண்ணீரில் படகிலும் சேற்றில் சறுக்குப்பலகையிலும் போனார் என்று இருக்கிறது. ஆக இது கொரியாக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் இன்றைக்கும் அதை வைத்து வீடு நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

அவர்கள் அள்ளுவது கொமாக் என்கிற சிப்பி. கையடக்கமாக, கனத்த ஓட்டில் ஆழமான வரிகளோடு இருக்கும். பெரும்பாலான சிப்பிகளுக்கு ரத்தம் நிறமில்லாமல் இருக்கும், இதற்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் உள்ளே சிவப்பு. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றில் புதைந்து வாழ அது கைகொடுக்கிறது. பொல்க்யோக்காரர்கள் இதைக் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பதில்லை. தண்ணீர் சூடானதும் போட்டு ஒரே பக்கமாகக் கிண்டி, வாய் பிளப்பதற்கு முன்னாலேயே இறக்கிவிடுகிறார்கள், அப்போதுதான் உள்ளே சாறு நிற்கும். பிறகு பின்பக்கம் இரண்டு ஓடும் சேரும் இடத்தில் ஸ்பூனை வைத்து ஒரு திருகு. திறந்தால் செக்கச்செவேல் என்று சாறோடு கறி.

இதில் இரண்டு ரகம் உண்டு, விஷயமே அங்கேதான் இருக்கிறது. சம்கொமாக் என்பது கடல் வற்றும்போது திறந்து கிடக்கும் சேற்றில் வளர்வது. அளவான பருவத்துக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். மூத்தோருக்குப் படைக்கும் சடங்கில் வைக்கிற உயர்ந்த ரகம் இதுதான். சேகொமாக் என்பது இன்னும் ஆழத்தில், தண்ணீர் வற்றாத இடத்தில் வளர்வது, சீக்கிரம் பெரிதாகிவிடும், படகில் போய் இழுவைச் சட்டத்தால் அள்ளிவிடலாம். பலகையில் வருவது முதலாவது. ஒரு நாளில் ஒரு பெண் ஒற்றைக் காலால் எவ்வளவு தள்ளி வர முடியுமோ அவ்வளவுதான் சேற்றிலிருந்து போகும், அதற்கு மேல் ஆசைப்பட்டாலும் முடியாது. சின்னச் சிப்பியைக் கண்ணால் பார்த்துத் திருப்பிப் போட நேரம் இருக்கிறது. கனமான எந்திரம் எதுவும் சேற்றை மிதித்து இறுக்குவதில்லை. இந்தப் பலகையை நான் மெச்சுவதற்குப் பெரிய காரணம் இதுதான். அது பழமையானது என்பதற்காகவே யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அந்தச் சேற்றுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இன்னும் வரவில்லை.

பலகை மட்டும் இருந்தால் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு மீனவ ஊருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, ஊரை ஒட்டின சேற்றுவெளியில் அள்ளும் உரிமை அந்தச் சங்கத்துக்குப் பொதுவில் இருக்கிறது. எந்த நாளில் இறங்கலாம், எவ்வளவு அள்ளலாம், எந்தப் பகுதியைச் சும்மா விட வேண்டும் என்று கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். நம் கடலோர ஊர்களின் ஊர்க்கமிட்டியையும், குளத்துப் பாசனத்தில் மடை திறக்கிற முறை வைத்துத் தண்ணீர் பிரித்துவிட்ட பழைய ஏற்பாட்டையும் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பொதுச் சொத்து பாழாகிவிடும் என்று சொல்கிறவர்கள், அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் இந்த ஊர்களையும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு கொரிய அரசு முக்கியமான மீன்பிடி மரபுகளைப் பட்டியலிட ஆரம்பித்தபோது, ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் பெண்களின் தொழிலுக்கு முதல் இடம், போசோங்கின் பலகைத் தொழிலுக்கு இரண்டாவது இடம். இரண்டுமே பெண்களின் தொழில் என்பதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. 2021ஆம் ஆண்டு போசோங்-சுன்ச்சோன் உட்பட நான்கு இடங்களின் சேற்றுவெளிகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2150 வகைத் தாவரங்களும் உயிரினங்களும் அங்கே வாழ்வதாகக் கணக்கு. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் பறக்கும் பறவைகள் இறங்கி இரை எடுக்கிற இடமும் அதுதான்.

ஆனால் அதே நாட்டில்தான் சேமாங்கும் என்கிற திட்டமும் நடந்தது. மேற்குக் கரையில் 33.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் குறுக்கே சுவர் கட்டி, 2006 ஏப்ரலில் கடைசி இடைவெளியையும் அடைத்தார்கள். உள்ளே இருந்த பெரிய சேற்றுவெளிக்குக் கடல் முன்னைப்போல ஏறி இறங்குவது நின்றுபோனது. சிப்பிகள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தன. அங்கே வாரியை வைத்துக்கொண்டு மட்டி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களுக்குப் பிழைப்பு போனது. நஷ்டஈடு கொடுத்தார்கள், சரி, ஆனால் பணத்தைக் கொடுத்து ஒரு கைவேலையைத் திருப்பி வாங்க முடியாது. ஜப்பானிலும் அரியாகே கடலின் ஒரு மூலையான இசஹாயா விரிகுடாவை 1997ஆம் ஆண்டு இப்படித்தான் அடைத்தார்கள், வழக்கு மேல் வழக்காக அந்தச் சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. பலகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். சேறு போய்விட்டால் அந்தப் பலகையில் ஏறி எங்கே போவது?

பொல்க்யோவில் சுவர் கட்டவில்லை, ஆனாலும் நிலைமை நன்றாக இல்லை. சம்கொமாக் கடந்த இருபது வருஷத்தில் ரொம்பக் குறைந்துவிட்டது. குஞ்சுச் சிப்பி முன்னைப்போலச் சேற்றில் ஒட்டுவதில்லை, கடல் சூடாகிறது என்று பல காரணம் சொல்கிறார்கள், குஞ்சை வளர்த்து விதைத்தும் பார்க்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் படகு அள்ளுகிற சேகொமாக். பலகை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் சியோலுக்கும் புசானுக்கும் போய்விட்டார்கள். அம்மாக்களே தங்கள் மகள்களை இதற்குப் பழக்க விரும்பவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை, நடவுக்குப் போன நம் அம்மாக்களும் இதையேதான் செய்தார்கள். திருவிழாவில் பலகைப் போட்டி நடக்கிறது, வெளியூர்க்காரர்கள் ஏறிச் சறுக்கி விழுந்து எழும்புகிறார்கள். அது வேண்டியதுதான், ஏறிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் காலின் பாடு தெரியும். ஆனால் மரபு என்று பட்டம் கொடுத்த அரசு அந்த முட்டிகளுக்கு வைத்தியமும், வயதான காலத்துக்கு ஒரு நிச்சயமான வருமானமும் கொடுத்தால்தான் இளையவள் ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள் என்பது என் எண்ணம். ஆச்சி கேட்ட முதல் கேள்வியே அதுதானே.

இதை எழுதும்போது நம் பக்கத்துச் சேற்றுவேலைக் கருவிகளைப் பற்றி எனக்கு எவ்வளவு கொஞ்சம் தெரியும் என்று உறைத்தது. பரம்புப் பலகைக்கு எந்த மரம், எத்தனை முழம், ஊருக்கு ஊர் அது எப்படி மாறியது என்று ஆச்சியிடமும் அவளோடு நடவுக்குப் போன மைனியிடமும் கேட்டு எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன். புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திச் சேற்றுக்குள் இறங்கி வேலை பார்ப்பவர்களையும் பார்க்கப் போகிறேன். கால் புதையாமல் எப்படி நடக்கிறார்கள், பிடித்ததைக் கரைக்கு எதில் கொண்டுவருகிறார்கள் என்று கேட்க வேண்டும். கையில் போனில் அந்தப் பொல்க்யோ வீடியோவும் இருக்கும், முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.